பழைய வரிசை வீட்டில் புதிய சமையலறை: கேள்வி பதில்

இரு பக்கச் சுவர்களையும் அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொண்டு நிற்கும் பழைய மாடி வீடுகளின் சமையலறை, கூடம் பற்றி வந்த கேள்விகள் இவை. நான் கட்டடப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய வீடுகளைப் பிரித்துச் சேர்ப்பதுதான் வேலை. அலமாரிக்கு எந்த நிறம் என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்குச் சுவருக்குள் இருப்பதைப் பற்றித்தான் தெரியும்.

கேள்வி: ஐயா, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிட நினைக்கிறோம். ஒப்பந்தக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் தடுப்புச் சுவர்தான், ஒரே நாளில் இறக்கிவிடலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: தட்டிப் பார்த்து முடிவுசெய்ய அது தேங்காய் அல்ல. சுவர் பாரம் தாங்குகிறதா என்பதை அதன் ஓசையும் சொல்லாது, கனமும் சொல்லாது. அரைக்கல் சுவர் ஒரு மாடியையே சுமந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாடிக்குப் போங்கள். அந்தச் சுவருக்கு நேர் மேலே இன்னொரு சுவர் இருக்கிறதா? மாடித் தளம் மரமென்றால் பலகைகளில் ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்கு அடியில்தான் தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் ஓடுகின்றன. கீழ்ச் சுவருக்குக் குறுக்காக அவை ஓடினால் ஒரு பலகையைக் கழற்றிப் பாருங்கள். சுவரின் தலைமேல் இரு சட்டங்களின் முனைகள் பக்கம்பக்கமாகப் படுத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது தாங்கு சுவர். கான்கிரீட் தளமென்றால் வரைபடமும் பொறியாளரும் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

தாங்கு சுவரையும் எடுக்கலாம். கணக்குப் போட்டு இரும்பு உத்திரம் வைக்க வேண்டும். முதல் கல்லை அசைக்கும் முன்பே இருபுறமும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சுவர் போனாலும் பாரம் போவதில்லை. நீளவாக்கில் பரவியிருந்தது, உத்திரத்தின் இரு முனைகளில் வந்து குவிகிறது. அந்த முனைகளுக்குக் கீழே இருக்கும் கட்டுமானமும் அடித்தளமும் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முனை பொதுச்சுவருக்குள் போகிறதென்றால், பக்கத்து வீட்டாரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஒரு வீட்டில் உத்திரமே இல்லாமல் சுவரை எடுத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது விரிசலுக்காக அல்ல. மாடிப் படுக்கையறைக் கதவைச் சாத்த முடியவில்லை என்று. தச்சர் மூன்று முறை கதவின் மேல்விளிம்பை இழைத்திருந்தார். நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு மூலையில் விரல் நுழைந்தது, மறு மூலையில் தாள்கூட நுழையவில்லை. பாவம் கதவு என்ன செய்யும், தளமே தொய்ந்து கிடந்தது.

இன்னொன்று: முழுச் சுவரும் போய்த்தான் ஆக வேண்டுமா? இருபுறமும் கொஞ்சம் விட்டுவிட்டு அகலமான வாசலாகத் திறந்தால் வெளிச்சமும் வரும், பாத்திரச் சத்தம் அப்படியே கூடத்துக்கு வந்து உட்காராது. என் வாக்கு அதற்குத்தான்.

கேள்வி: பாத்திரம் கழுவும் தொட்டியை அறையின் நடுவே ஒரு மேடையில் வைக்கலாமா?

பதில்: நல்ல தண்ணீரை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், கழிவு நீருக்கு வாட்டம் வேண்டும். மீட்டருக்கு 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 4 மீட்டர் தூரத்துக்கு 8 செ.மீ. சரிவு. குழாயின் கனத்தையும் சேர்த்தால் அவ்வளவு ஆழம் தளத்துக்குள் இருக்கிறதா? இல்லையென்று குழாய்க்காரர் மரச்சட்டத்தைக் கொத்தி வழி செய்ய முனைந்தால் உடனே நிறுத்துங்கள். நடு மேடையை நறுக்கவும் உட்காரவும் வைத்துக்கொண்டு, தொட்டியை வெளிச்சுவர் ஓரமாகவே விடுவது நிம்மதி.

கேள்வி: பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய்கள் இதுவரை ஒழுகவில்லை. அப்படியே விடலாமா?

பதில்: துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒருமுறை அறுத்தெடுத்த துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே பெருவிரல் கனம். உள்ளே செந்நிறப் பொருக்கு படிந்து, ஒரு பென்சில்கூடப் போகவில்லை. சுவர் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஓடு ஒட்டிய பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு. சுரண்டினால் வெள்ளி போல மின்னும், காந்தம் ஒட்டாத, மெத்தென்ற சாம்பல் நிறக் குழாய் இருந்தால் அது ஈயமாக இருக்கக்கூடும். அதைக் குடிநீர் வழியில் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: பொதுச்சுவரில் ஓதம் அடித்துப் பூச்சு பொரிகிறது. அதன்மேல் அலமாரி வைத்து மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்கலாம், இரண்டே ஆண்டில் அலமாரியின் முதுகுப் பலகை பூஞ்சை பூத்துக் கையோடு வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் கோத்தால் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதவில்லை. தரையை ஒட்டி ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றால் நிலத்திலிருந்து ஏறுவதாக இருக்கலாம். நடுவில் திட்டாக இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறையா என்று பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் வண்ணமும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

கேள்வி: குழாய் வைக்காத, காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் சிம்னி போதுமா?

பதில்: எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் குறைக்கும், நீராவியும் வெப்பமும் உங்களிடமே திரும்பி வரும். வெளிச்சுவர் கிட்டே இருந்தால், வளைவு குறைந்த குழாய் வைத்து வெளியேற்றுங்கள்.

கேள்வி: முன்னும் பின்னும்தான் ஜன்னல். வீட்டின் நடுப்பகுதி பகலிலும் இருட்டு.

பதில்: அறைக் கதவுகளில் கண்ணாடி பொருத்துங்கள். ஜன்னல் சுவரில் மேல் அலமாரி வேண்டாம். சமையல் மேடைக்கு, மேல் அலமாரியின் அடியில் விளக்கு வையுங்கள். கூரை நடுவில் ஒற்றை விளக்கு மட்டும் இருந்தால், நறுக்கும் கத்தியின் மேல் உங்கள் நிழலே விழும்.

கேள்வி: கம்பளத்துக்கு அடியில் பழைய வினைல் ஓடுகள், கறுப்புப் பசை. பெயர்க்கத் தொடங்கிவிட்டோம்.

பதில்: நிறுத்துங்கள். அந்தக் கால ஓட்டிலும் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூசாகப் பறந்தால் நுரையீரலைக் கெடுக்கும் இழை) இருக்கக்கூடும். உடைக்கவோ தேய்க்கவோ பெருக்கவோ வேண்டாம். ஆய்வகத்தில் சோதித்த பிறகே மேற்கொண்டு வேலை. உடையாத ஓடுகளைப் பெரும்பாலும் பெயர்க்காமலே மேலே புதுத் தளம் போட்டு மூடலாம்.

கேள்வி: மேடையின் உயரம்?

பதில்: 90 செ.மீ. வழக்கம். ஆனால் அதிகம் சமைப்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பதே அளவு.

கேள்வி (முதலில் கேட்டவரே): ஐயா, பலகையைக் கழற்றிப் பார்த்தோம். சட்டங்கள் இரண்டும் சுவர்மேல் பக்கம்பக்கமாகத்தான் இருக்கின்றன. நாளை காலை ஆட்களோடு வருவதாக ஒப்பந்தக்காரர் சொல்கிறார்.

பதில்: வர வேண்டாம் என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள். பொறியாளரை வரவழையுங்கள். கழற்றிய பலகையைத் திரும்ப அடிக்காதீர்கள். அவர் முதலில் பார்க்கப்போவது அந்தப் பள்ளத்தைத்தான். அதுவரை யாரும் கால் வைத்துவிடாமல் அதன்மேல் ஒரு மேசையை இழுத்துப் போட்டு வையுங்கள்.