சைக்கிள் கிரீஸும் பாலாற்று மணலும்

கேள்வி: சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் என் தந்தையார், ஓவராயில் (முழுதாகக் கழற்றிச் சுத்தம்) செய்யும்போது பேரிங் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசிவிட்டு, அந்தக் கறுப்புக் கழிவைக் கடை முன்னுள்ள சாக்கடையில் ஊற்றிவிடுகிறார். கிரீஸ் மண்ணையும் நீரையும் கெடுக்குமா? அதற்குப் பதிலாக விளக்கெண்ணெய் பயன்படுத்தலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: சக்கரங்களின் நடுவிலுள்ள இரண்டு ஹப்புகள், பெடல் சுழலும் பி.பி. ஆக்சில், ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கப் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சைக்கிளுக்குச் சில பத்து கிராம் கிரீஸ் போதும். அதுவும் குண்டுகள் உருளும் கிண்ணமான கப்புக்கும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோனுக்கும் இடையே அடைபட்டே கிடப்பதால், ஓடுகிற சைக்கிளிலிருந்து வெளியேறுவது மிகச் சொற்பம். மோட்டார் சைக்கிளுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் கழிவு எண்ணெய் சேர்ந்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சைக்கிள் ஓட்டுபவர் கிரீஸை நினைத்து வருந்த வேண்டியதில்லை.

கவலைக்குரியது நீங்கள் எழுதியுள்ள அந்த மண்ணெண்ணெய்தான். கிரீஸின் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்து வந்த தாது எண்ணெய். அது கெட்டியாக இருக்கும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். மண்ணெண்ணெயில் கரைந்தபின், நீரோடும் வழியெல்லாம் தானும் ஓடும். நீர்ப்பரப்பில் ஏடாகப் படர்ந்து காற்று உள்ளே கலப்பதைத் தடுக்கும். மணலில் இறங்கினால் எளிதில் மக்காது. பாலாற்றில் மேலே நீர் தெரியாத மாதங்களிலும் மணலுக்கடியில் ஊறும் நீரைக் கிணறு வெட்டி எடுத்துக் குடிக்கும் ஊர்கள் நம்முடையவை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அந்த ஆறு பட்ட பாட்டுக்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததை உங்கள் தந்தையார் அறிந்திருப்பார். அந்த அளவோடு ஒரு கடையின் கழிவை ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனாலும், நாள்தோறும் ஊற்றுவது ஆண்டுக்கணக்கில் சேரும்.

ஆகவே, குண்டுகளை முதலில் பழந்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டால், மண்ணெண்ணெய் பாதி மிச்சமாகும். அலசிய மண்ணெண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சில நாள் அசைக்காமல் வைத்தால், மண்ணும் இரும்புத் தூளும் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து முதல் அலசலுக்கும், புதியதைக் கடைசி அலசலுக்கும் பயன்படுத்தலாம். அடிவண்டலைத் தனியே சேர்த்து வைத்து, பழைய என்ஜின் ஆயில் எடுக்க வருபவர் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

விளக்கெண்ணெய் புதிய யோசனையன்று. வைக்கோல் கரியை அதில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு வண்டி மை போட்ட ஊர்தானே இது! ஆனால் வெறும் விளக்கெண்ணெய் ஹப்பில் தங்காமல் வழிந்துவிடும். நாளடைவில் பிசுபிசுத்துக் குண்டுகளை எளிதில் உருளவும் விடாது. இன்றைய லித்தியம் கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பே பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலத்தால் ஆனது என்பதால், நீங்கள் கேட்ட பொருள் ஏற்கெனவே கிரீஸ் டப்பாவுக்குள் கொஞ்சம் இருக்கிறது. எளிதில் மக்கும் தாவர எண்ணெய் கிரீஸ்களும் உண்டு. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: கிரீஸ் துணிகளைக் கடை வாசலிலேயே எரித்துவிடலாமா?
- வாசகி, ஆரணி

பதில்: வேண்டாம். அந்தக் கரும்புகையை முதலில் சுவாசிப்பவர் கடையில் உட்கார்ந்திருப்பவர்தான். துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, மக்கும் குப்பையோடு கலக்காமல், தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியே கொடுங்கள்.