ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சோசலிஸ்ட் உறுப்பினர்களால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது?

பெரும்பான்மை இல்லாத அணிதானே, சட்டத்தில் அவர்கள் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே மசோதாவை முன்வைப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். நாடாளுமன்றத்தில் அந்தத் துறைக்கான குழு தன் உறுப்பினர் ஒருவரை அதற்குப் பொறுப்பாளராக நியமிக்கும். திருத்த வரைவும் பேரமும் அவர் கையில். செல்வாக்கு அங்கேதான் இருக்கிறது.

நல்ல உதாரணம், கைபேசி போன்ற சாதனங்களுக்கெல்லாம் யூஎஸ்பி-சி என்ற ஒரே வகை சார்ஜர் துளை வேண்டும் என்னும் பொது சார்ஜர் சட்டம். பொறுப்பாளர் மால்டாவின் சோசலிஸ்ட் உறுப்பினர் அலெக்ஸ் அகியுஸ் சலிபா. 2021இல் ஆணையம் தந்த வரைவில் மடிக்கணினியே கிடையாது. நாடாளுமன்றம்தான் அதைச் சேர்க்க வைத்தது. 2022 அக்டோபரில் 602 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் வெறும் 13. ஆப்பிளும் 2023இல் ஐபோன் 15-ஐ யூஎஸ்பி-சி துளையோடு வெளியிட்டது. சோசலிஸ்டுகளின் தனி வெற்றி என்று இதைச் சொல்வது மிகை. வலதுசாரிகளும் சேர்ந்துதான் வாக்களித்தார்கள்.

சுற்றுச்சூழலில் இப்படிச் சுமுகமாக நடக்காது. சீரழிந்த இயற்கைப் பகுதிகளை மீட்கச் சொல்லும் இயற்கை மீட்புச் சட்டத்துக்குப் பொறுப்பு அதே அணியின் ஸ்பெயின் உறுப்பினர் செசார் லுயெனா. 2024 பிப்ரவரியில் 329க்கு 275 என்றுதான் தேறியது, அதுவும் நிறைய விட்டுக்கொடுத்த பிறகு.

போக்குவரத்தில், போலந்தின் போகுஸ்வாவ் லிபெராட்ஸ்கி பொறுப்பேற்ற 2021 ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் புதிய ரயில்களில் சைக்கிளுக்கு இடம் வாங்கித் தந்தது. ஆனால் கடும் வானிலை போன்ற காரணங்களால் ரயில் தாமதமானால் இழப்பீடு தரத் தேவையில்லை என்ற விலக்கும் அதே சட்டத்தில்தான் நுழைந்தது.