ஜெர்மனிக்குச் செல்லும் செவிலியர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யு. பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஏஜென்ட் ஒருவர் நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார். மொழியை அங்கே சென்றபின் கற்றுக்கொள்ளலாம் என்கிறார். நகைகளை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கொடுக்காதீர்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியும். அவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் பெறலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண்ணைத் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. செவிலியர் பற்றாக்குறையில் தவிக்கும் ஜெர்மன் மருத்துவமனைகளில் பல, பயிற்சிச் செலவையும் விமானக் கட்டணத்தையும் தாங்களே ஏற்று ஆள் எடுக்கின்றன. அந்நாட்டின் வேலைவாய்ப்பு முகமையும், ஜெர்மன் அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைப்பான ஜி.ஐ.இசட். நிறுவனமும் 2013 முதல் நடத்திவரும் ‘டிரிபிள் வின்’ திட்டம் அப்படிப்பட்டது; கேரளத்தில் அது, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அம்மாநில அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் வழியாக நடக்கிறது. தமிழ்நாட்டில், 1978 முதல் இயங்கிவரும் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுங்கள்.

மொழியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை அளிக்கிறது. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பணிபுரிய, பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி (ஆறு நிலைகளில் நான்காவது) தேவை. அதற்கு 45 நிமிட வகுப்புகள் ஏறக்குறைய 600 முதல் 800 வரை ஆகும் என்பது, ஜெர்மன் மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிலையத்தின் கணக்கு. ஷிஃப்டை மாற்றி விடுகிற நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நோயாளியும் இரவு எப்படி இருந்தார், எந்த மருந்து நிறுத்தப்பட்டது, எந்தக் காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் பத்து நிமிடங்களுக்குள் நீங்கள் சொல்ல வேண்டும். மற்றவர் வேகமாகச் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். நடுவில் தொலைபேசியில் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றச் சொல்வார். மறதி நோயுள்ள முதியவர் ஒருவர் தம் வட்டார வழக்கில், தமக்கு வலி குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்று விவரிப்பார். இவற்றில் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் பாதிக்கப்படுபவர் நோயாளி. ஐ.சி.யு.வில் நான்கு ஆண்டுகள் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கையில் பணம் இருந்தால், சென்னையில் உள்ள கோதே நிலையத்திலோ உங்களுக்கு அருகில் உள்ள நல்ல பயிற்சி மையத்திலோ மொழிக்காகச் செலவிடுங்கள். பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால், ஒரு பகுதியில் தவறினாலும் அதை மட்டும் மீண்டும் எழுதினால் போதும்.

கேள்வி: கடந்த ஆண்டு ஜெர்மனிக்குச் சென்ற என் தோழி, நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும் உணவு ஊட்டுவதுமே தன் வேலையாக இருக்கிறது என்றும், சொன்னதைவிட மிகக் குறைந்த சம்பளமே கைக்கு வருகிறது என்றும் வருந்துகிறாள். அவள் ஏமாற்றப்பட்டுவிட்டாளா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் அப்படி இருக்காது, போகுமுன் யாரும் அவருக்கு முழுமையாக எடுத்துச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நம் ஊர்ப் பட்டத்தை ஜெர்மனி அப்படியே ஏற்பதில்லை. அந்நாட்டின் 16 மாநிலங்களிலும் தகுதி அங்கீகாரத்துக்கெனத் தனித்தனி அலுவலகங்கள் உள்ளன. பாடத்திட்டத்தில் குறைபாடு இருப்பதாக அவை முடிவு செய்தால், செவிலியர் ஒரு தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் அல்லது அந்தக் குறைபாட்டை ஈடுசெய்யும் தழுவல் பயிற்சியை முடிக்க வேண்டும். தேர்வு வாய்மொழியாகவும் செய்முறையாகவும் நடக்கும். தவறினால் ஒரு முறை மீண்டும் எழுதலாம். அங்கீகாரச் சான்றிதழ் கைக்கு வரும் வரை உதவிச் செவிலியராகத்தான் பணி, அதற்குரிய சம்பளம்தான். அந்தக் காலம் எத்தனை மாதம், அதுவரை சம்பளம் எவ்வளவு, பின்னர் எவ்வளவு, இடையில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது.

குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அங்கே முழுத் தகுதி பெற்ற செவிலியரின் வேலையிலும் அடங்கும். நம் மருத்துவமனைகளில் நோயாளியின் தாயோ மகளோ கூடவே இருந்து செய்கிற இவ்வேலைகளை அங்கே உறவினர் செய்வதில்லை. படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டும்போதுதான் படுக்கைப்புண் தொடங்குவதும் காலில் வீக்கம் ஏறுவதும் கண்ணில் படுகின்றன என்பதால், இதைத் தாழ்வான வேலையாக நான் கருதவில்லை. இருந்தாலும், ஊசியும் மருந்தும் மட்டுமே என் வேலை என்று பழகியவருக்கு முதல் ஆண்டு மனம் நோகும் என்பது உண்மை. அந்த வருத்தத்தை அலட்சியப்படுத்தாமல் காதுகொடுத்துக் கேளுங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் போக, தனியாக வாழ்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வாடகைக்கு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். சூடேற்றும் செலவு அதில் சேராது. பல வீடுகளில் சமையலறையில் அலமாரியோ அடுப்போ கூட இருக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும், பொது வானொலி, தொலைக்காட்சிக்காக மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணமும் உண்டு. ஆகவே, ஊருக்கு இவ்வளவு அனுப்புவேன் என்று முதல் ஆண்டிலேயே வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

கேள்வி: என் மனைவி செவிலியராக ஜெர்மனிக்குச் செல்லவிருக்கிறார். நானும் ஐந்து வயது மகளும் உடனே சேர்ந்து போக முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: அவருடைய தகுதி அங்கீகாரம் முடிந்து, குடும்பத்தைத் தாங்கும் வருமானம் வந்தபின் அழைத்துக்கொள்வதே நடைமுறையில் எளிது. பிரிந்திருக்கும் அந்த மாதங்களில் நீங்களும் ஜெர்மன் படியுங்கள். குடும்ப விசாவில் செல்லும் கணவருக்கு அங்கே வேலை செய்ய அனுமதி உண்டு; ஆனால் மொழி தெரியாதவருக்கு வேலை கிடைப்பது மிகக் கடினம். மகளின் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு வயதையொட்டிக் கட்டாயப் பள்ளிப்படிப்பு தொடங்குகிறது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை.

கேள்வி: ஆறு ஆண்டுகள் அங்கே உழைத்துவிட்டு ஊருக்கே திரும்பினால், ஓய்வூதியத்துக்காகப் பிடித்த பணம் வீணாகிவிடுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீணாகாது. ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் 18.6 விழுக்காடு செலுத்தப்படுகிறது; அதில் பாதி உங்களுடையது, பாதி நிறுவனத்துடையது. ஐந்து ஆண்டுகள் செலுத்தியிருந்தாலே அதற்குரிய வயதில் ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு. 1964ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு அந்த வயது 67. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் இருப்பதால், இந்தியாவில் வசித்துக்கொண்டே அதைப் பெறலாம். ஊர் திரும்பும்போது உங்கள் ஓய்வூதியக் காப்பீட்டு எண்ணையும், ஆண்டுதோறும் வந்த சம்பளக் கணக்குத் தாள்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். விண்ணப்பிக்கும்போது அவற்றைக் கேட்பார்கள்.