வரிசை மாறினால் விடை மாறுமா? டைப் கிளாஸ் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஹாஸ்கெல், ஸ்காலா என்ற நிரலாக்க மொழிகளைப் பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே பரிமாற்றுப் பண்பைச் சுற்றித்தான், அதாவது இரண்டை இடம் மாற்றிச் சேர்த்தாலும் ஒரே விடை வரும் பண்பு. டைப் கிளாஸ் என்பது ஒரு டைப் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்; ஒரு டைப்புக்கு அதை எழுதிக் கொடுப்பதுதான் இன்ஸ்டன்ஸ்.

லாஸ்பேட்டை மாணவி: அண்ணா, செமிகுரூப், மோனாய்டு எல்லாம் ஹாஸ்கெலோடவே வருது. பரிமாற்றுப் பண்புக்கு மட்டும் ஏன் டைப் கிளாஸ் இல்லை?

அடிப்படை லைப்ரரியில் இல்லை, தனி லைப்ரரிகளில் உண்டு. இரண்டு மதிப்புகளைச் சேர்த்து ஒன்றாக்குவது செமிகுரூப்; அதோடு, சேர்த்தாலும் எதையும் மாற்றாத ஒரு வெற்று மதிப்பும் இருந்தால் மோனாய்டு. செமிகுரூப் கேட்பது சேர்ப்புப் பண்பை மட்டும்தான்: அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் ஒரே விடை. இடம் மாற்றிப் போட்டாலும் ஒரே விடை வரவேண்டும் என்று அது கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஸ்ட்ரிங்கே வெளியே போயிருக்கும். 'வில்லி'யோடு 'யனூர்' சேர்த்தால் வில்லியனூர். திருப்பிச் சேர்த்துப் பாருங்கள், யனூர்வில்லி! ஸ்காலாவின் கேட்ஸ் லைப்ரரியில் கம்யூட்டேட்டிவ்மோனாய்டு என்றே ஒரு டைப் கிளாஸ் இருக்கிறது.

கடலூர் முதுநகர் வாசகர்: அந்த மாதிரி கிளாஸில் புதுசா ஒரு மெத்தட்கூட இல்லையே சார். வெறும் பெயரை வைத்து என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன். மெத்தட் இல்லைதான், ஆனால் ஒரு வாக்குறுதி இருக்கிறது. உங்கள் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். படகு படகாக மீன் எடையையும் ஏல விலையையும் போனில் பதிகிறார்கள் என்று வையுங்கள். சிக்னல் கிடைப்பதைப் பொறுத்து சர்வருக்கு வரும் வரிசை மாறும். மொத்த எடைக்கு சம், அதிக எடைக்கு மேக்ஸ்: எந்த வரிசையில் வந்தாலும் கவலை இல்லை. 'கடைசி ஏல விலை'க்கு, இரண்டில் பின்னால் வருவதை மட்டும் வைத்துக்கொள்ளும் லாஸ்ட் போட்டால்? அதுவும் முறையான செமிகுரூப்தான், கம்பைலர் வாயே திறக்காது. ஆனால் எந்தப் பதிவு கடைசியாக வந்து சேர்ந்ததோ அதுதான் விலை என்று ஆகிவிடும்.

திரட்டும் ஃபங்ஷன் 'பரிமாற்றுப் பண்பு உள்ளது மட்டும்' என்று டைப்பிலேயே கேட்டால், லாஸ்ட் கம்பைல் ஆகும்போதே நின்றுவிடும். அப்புறம் நேரத்தையும் விலையையும் ஜோடியாக்கி மேக்ஸ் எடுங்கள். நேரத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு விலை வந்தால் வரிசைச் சிக்கல் மறுபடி உள்ளே நுழையும்.

இன்னொன்று: ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் மேக்ஸ் அசையாது, சம் இரண்டு முறை கூட்டிவிடும். பரிமாற்றுப் பண்பு அதற்கு மருந்தல்ல.

ரெட்டியார்பாளையம் வாசகி: தப்பாக இன்ஸ்டன்ஸ் எழுதினால் கம்பைலர் பிடிக்குமா?

ஹாஸ்கெலில் பிடிக்காது. இட்ரிஸ், அக்டா போன்ற மொழிகளில் நிரூபணத்தையே கேட்டு வாங்கலாம். மற்றபடி கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் கொடுத்த குவிக்செக் என்ற சோதனை லைப்ரரிதான் கை கொடுக்கும். வழக்கமாக 100 உதாரணங்களைத் தானே உருவாக்கி ஓட்டும். அந்த உதாரணங்கள் எப்படிப்பட்டவை என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. மேப் என்பது கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு. இரண்டு மேப்பைச் சேர்க்கும் யூனியன், ஒரே கீ இரண்டிலும் இருந்தால் இடது பக்க மதிப்பையே வைத்துக்கொள்ளும், அதனால் அதற்குப் பரிமாற்றுப் பண்பு கிடையாது. ஆனால் இரண்டு மேப்பிலும் ஒரே கீ விழாவிட்டால் சோதனை பச்சை காட்டிவிடும். கீகளை 1 முதல் 5 வரை சுருக்கினால் குட்டு உடனே வெளிப்படும். பண்பைச் சோதிக்காமல் இன்ஸ்டன்ஸ் மட்டும் எழுதுவதைவிட, எழுதாமலே இருப்பது மேல்.

நெய்வேலி வாசகர்: பரிமாற்றுப் பண்பு இருந்தால் சேர்ப்புப் பண்பும் வந்துவிடும்தானே?

வராது. இரண்டு எண்களின் சராசரியைப் பாருங்கள். 2, 4 எடுத்தால் 3. அதோடு 8 சேர்த்தால் 5.5. முதலில் 4, 8 எடுத்தால் 6. அதோடு 2 சேர்த்தால் 4. டபுள் எனப்படும் தசம எண்களின் கூட்டலும் இந்த ரகம்தான்: 0.1, 0.2, 0.3 மூன்றையும் இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001, வலமிருந்து கூட்டினால் 0.6. ப்ராசசரின் பல கோர்களில் பிரித்துக் கூட்டும்போது கடைசி இலக்கம் ஆடுவது இதனால்தான். எடையை கிராமாக, பணத்தை பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள்.

முத்தியால்பேட்டை மாணவர்: மோனாடிலும் இது உண்டா அண்ணா?

உண்டு. மோனாட் என்பது படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் டைப் கிளாஸ். மேபி (மதிப்பு இல்லாமலும் போகலாம்), ரீடர் (பொதுவான ஒரு மதிப்பைப் படிக்க மட்டும் செய்யும்) இரண்டிலும் ஒன்றையொன்று சாராத இரு படிகளை இடம் மாற்றலாம். ஸ்டேட்டிலும் (மாறும் நிலையைச் சுமப்பது) ஐஓவிலும் (உள்ளீடு, வெளியீடு) அப்படி மாற்ற முடியாது. குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ரைட்டரில் முடியுமா என்பது, நீங்கள் அதற்குள் வைக்கும் மோனாய்டைப் பொறுத்தது.