இங்கிலாந்தில் தீப் பாதுகாப்பு நோட்டீஸை மீறினால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

லண்டனில் மளிகைக் கடை நடத்தும் நீங்கள், தீயணைப்புத் துறையின் நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலா (உள்ளாட்சி மன்றம்) போலீஸா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்பு ஆணையின்படி, கடைகளைச் சோதித்து வழக்குத் தொடுப்பது அந்தந்தப் பகுதித் தீயணைப்புத் துறைதான். மாடியில் வாடகைக் குடித்தனம் இருந்தால் அந்த வீட்டுக்குள் இருக்கும் குறைகளுக்குக் கவுன்சிலும் வரும்.

கையில் இருப்பது எந்த நோட்டீஸ் என்று முதலில் பாருங்கள். அமலாக்க நோட்டீஸ் என்றால் குறைகளைச் சரிசெய்யக் குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால், அது முடியும்வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படும். இடத்தைப் பயன்படுத்துவதையே தடுக்கும் தடை நோட்டீஸ் அப்படியல்ல. உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் கொடுத்த கணமே அது செல்லுபடியாகும். மேல்முறையீடு செய்தாலும் நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய நிற்காது. நம்மவர்கள் கடைகள் சிலவற்றில் நான் பார்த்திருக்கும் நிலை தடை நோட்டீஸுக்கு நேராக இட்டுச்செல்வது: பின்வாசலை அடைத்து அடுக்கிய அரிசி மூட்டைகள், எண்ணெய் டின்கள், அவற்றை ஒட்டியே இறங்கும் ஒற்றைப் படிக்கட்டு, மேலே பாய் விரித்து உறங்கும் வேலைப் பையன்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

நோட்டீஸை மீறியது நிரூபணமானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றமே உச்சவரம்பில்லாத அபராதம் விதிக்கலாம். கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போனால் 2 ஆண்டு வரை சிறையும் சேரலாம். கடை கம்பெனி பெயரில் இருந்தாலும், இயக்குநரின் சம்மதத்தாலோ அலட்சியத்தாலோ நடந்தது என்று தெரிந்தால் அவர் மீதும் வழக்கு வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதமும் எடுபடாது. 2007இல் ஆக்ஸ்போர்டு தெருவில் தீப்பிடித்த நியூ லுக் துணிக்கடையில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் தீ அபாய மதிப்பீடும் ஊழியர் பயிற்சியும் போதவில்லை என்று 2009இல் 4,00,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டிலும் அது குறையவில்லை.

அவகாசம் போதாது என்றால், கெடு முடிவதற்கு முன்பே தீயணைப்புத் துறை ஆய்வாளருக்கு எழுத்தில் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேளுங்கள். முடித்த வேலைகளின் பில்களையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். 2023 அக்டோபர் முதல் தீ அபாய மதிப்பீட்டைச் சிறு கடைகளும் முழுமையாக எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பின்வாசல் மூட்டைகளை மட்டும் இன்றிரவே அகற்றிவிடுங்கள். அதற்கு எந்தக் கெடுவும் தேவையில்லை.