முந்திரிகைக் குலையும் மண்ணுக்குள் புதைத்த சாடியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் இரண்டு பரப்பில் முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல் போட்டு, வருடத்தில் இருமுறை குலை வெட்டுகிறோம். ஜோர்ஜியாவில் மருத்துவம் படிக்கும் என் பெறாமகன் கடந்த ஒக்டோபரில் ககேத்தி என்ற கிராமப்புறத்துக்கு அறுவடை பார்க்கப் போயிருந்தார். அங்கே வருடத்துக்கு ஒரே ஒரு வெட்டுத்தான் என்றும், வைனை மண்ணுக்குள் புதைத்து வைக்கிறார்கள் என்றும் சொல்கிறார். ஏன் இந்த வேறுபாடு?
– உரும்பிராய் வாசகர்

பதில்: கொடியை உறங்கவைப்பது யார் என்பதைப் பொறுத்தது அது. ககேத்தியில் அந்த வேலையைப் பனிக்காலம் செய்கிறது. மார்கழியில் இலையெல்லாம் உதிர்த்து வெறுங்கட்டையாக நிற்கும் கொடி, சித்திரையில் துளிர்த்து, ஆனியில் பூத்து, புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் பழுக்கிறது. எங்கள் யாழ்ப்பாணச் செம்மண்ணிலோ கொடிக்கு இலை உதிர்க்கவேண்டிய கட்டாயமே இல்லை. நீங்கள் கிளைகளைக் கத்தரித்து, மிஞ்சிய இலைகளையும் உருவிவிடும்போதுதான் அது பொய்யாக ஒரு பனிக்காலத்தைக் கண்டு, பழையபடி துளிர்க்கத் தொடங்குகிறது. கத்தரித்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கைக்கு வந்துவிடுவதால் வருடத்தில் இரண்டு வெட்டுக்கு இடமிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் குலை அகப்படாதபடி நாள் பார்த்துக் கத்தரிக்கவேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஒரே ஒரு வெட்டு என்பதால்தான் அங்கே அது திருவிழாவாகிவிட்டது. 'இர்த்வேலி' என்று அழைக்கப்படும் இந்த அறுவடை, ஜோர்ஜியாவின் கிழக்கே அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கில் செப்டெம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. தலைநகர் திபிலிசியில் வேலை பார்ப்பவர்கள்கூட அந்த நாட்களில் ஊருக்குத் திரும்பி வந்து குலை வெட்டுகிறார்கள். வெள்ளை வகையில் 'ரிக்காட்சிதெலி'யும் கறுப்பு வகையில் 'சப்பெராவி'யும் முக்கியமானவை. சப்பெராவி என்ற சொல்லுக்குச் சாயம் என்று பொருள். பெரும்பாலான கறுப்புப் பழங்களில் தோலில் மட்டுமே நிறம் இருக்க, இந்தப் பழத்தின் சதையும் சிவப்பாகவே இருக்கும்.

பெறாமகன் கண்டது 'குவெவ்ரி' என்ற மண்சாடி. முட்டை வடிவான அந்தச் சாடி, உட்புறம் தேன்மெழுகு பூசப்பட்டு, வாய் மட்டும் நிலமட்டத்தில் தெரியும்படி கழுத்துவரை புதைக்கப்பட்டிருக்கும். மரத்தைக் குடைந்து செய்த தொட்டியில் பழத்தைக் காலால் மிதித்து, வடியும் சாற்றைத் தோல், விதை, காம்பு எல்லாவற்றுடனும் சேர்த்து ககேத்தியார் அதற்குள் ஊற்றுகிறார்கள். நொதிக்கும்போது மேலே திரண்டு மிதக்கும் தோலை நாளுக்குப் பலமுறை கோலால் அமுக்கிவிடவேண்டும். நொதிப்பு அடங்கியபின் வாயை மூடி, களிமண் அப்பி, ஐந்தாறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். சாடிக்குள் குளிர்ச்சி மாறாமல் இருப்பதற்குச் சுற்றியுள்ள மண்ணே காரணம். தோலோடு கிடந்த வெள்ளைப் பழச்சாறு இளவேனிலில் திறக்கும்போது தேன் நிறமாகியிருக்கும். இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. திபிலிசிக்குத் தெற்கேயுள்ள புதிய கற்கால ஊர்களில் எடுத்த பானை ஓடுகளில் ஏறக்குறைய 8,000 வருடங்களுக்கு முந்திய வைனின் இரசாயனத் தடயங்கள் இருந்ததாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சாடி கழுவும் வேலை. பெரிய சாடியானால் ஆள் உள்ளே இறங்கி, செரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பானால் சுவரை உரசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவவேண்டும். கோடையில் கிணறு இறைத்துச் சேறு அள்ளிய எவருக்கும் அந்த முதுகுவலி விளங்கும்.

கேள்வி: கள்ளும் தானாகவே நொதிக்கிறது, அந்த வைனும் தானாகவே நொதிக்கிறது. காலையில் இறக்கிய கள்ளு மறுநாள் புளித்துப்போக, வைன் மட்டும் வருடக்கணக்கில் நிற்பது எப்படி?
– சுன்னாகம் வாசகர்

பதில்: தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். முட்டியிலும் பாளையிலும் உள்ள மதுவம் (ஈஸ்ட்) பனஞ்சாற்றின் சீனியைத் தின்று மதுசாரமாக்குவது போலவே, பழத்தோட்டத்திலும் சாடியிலும் உள்ள மதுவம் முந்திரிகைச் சாற்றில் வேலை செய்கிறது. நொதிக்காத இனிப்புச் சாறான கருப்பணி வேண்டுமென்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவதும் அந்த மதுவத்தைத் தடுக்கத்தான்.

பிரிவது அதற்குப் பிறகுதான். பனஞ்சாறு இறங்கும்போது புளிப்பில்லாதது. அதில் மதுவத்தோடு பற்றீரியாக்களும் தடையின்றிப் பெருகுகின்றன. முந்திரிகைச் சாறு இயல்பிலேயே புளிப்பானது என்பதால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே இடமில்லை. ஒரு லீற்றர் சாற்றில் 17 கிராம் சீனிக்கு ஏறக்குறைய ஒரு வீதம் மதுசாரம் கிடைக்கும். நன்றாகப் பழுத்த பழத்தில் 200 கிராமுக்கு மேல் சீனி இருப்பதால் 12 வீதம்வரை ஏறுகிறது. கள்ளில் அதில் பாதிகூடத் தேறாது. இவற்றுக்கு மேல், வாய் திறந்த முட்டிக்குள் போகும் காற்று மதுசாரத்தை வினாகிரியாக்கும் பற்றீரியாவுக்கு உதவுகிறது. களிமண் அப்பிய சாடிக்குள் காற்றுக்கு வழியில்லை.

ஆனாலும் கள்ளைக் குறைவாக எண்ணவேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கிடைப்பதைச் சேமித்து வைக்கும் வழி வைன். நாளாந்தம் மரமேறி இறக்கி அன்றே முடிக்கும் பானம் கள்ளு.

கேள்வி: பழம் மலிந்து, வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்கவேண்டியிருக்கும் காலத்தில், வீட்டிலேயே வைன் செய்து விற்கலாமா?
– நீர்வேலி வாசகி

பதில்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூடாது. இலங்கையின் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வைனும் அதற்குள் அடங்கும். 1928இல் தோலகட்டியில் தொடங்கப்பட்ட செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் வைனும் நெல்லி இரசமும் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் உற்பத்தி. அதோடு, வியாபாரியின் அவசரத்துக்காக அரைப்பழமாக வெட்டும் குலையில் வைனுக்கு வேண்டிய சீனியும் இருக்காது என்பது என் எண்ணம்.

ககேத்தியில் அறுவடையோடு சேர்த்துப் பெண்கள் செய்யும் இன்னொரு பண்டம் உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 'சுர்ச்கேலா' என்பது அதன் பெயர். நொதிக்காத சாற்றைக் கோதுமை மாவுடன் கூழாகக் காய்ச்சி, நூலில் கோர்த்த வால்நட் பருப்பை அதில் தோய்த்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள்; பனங்களியைப் பாயில் ஊற்றிப் பனாட்டு ஆக்குவதற்கு இது தூரத்துச் சொந்தம். வால்நட்டுக்குப் பதில் மரமுந்திரிகைப் பருப்பைக் கோர்த்துப் பாருங்கள். சாற்றைப் பிழிந்த அன்றே அடுப்பில் ஏற்றிவிடவேண்டும், காய்வதற்குச் சில நாள் நல்ல வெயிலும் வேண்டும். ஆகவே மாரிக்கு முந்திய வெட்டில் செய்வதே வசதி.