ஆறு புத்தகமும் அலமாரியிலேயே இருக்கட்டும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். வயது 26. போன மாதம் லைன் லீடர் (உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர்) ஆக்கினார்கள். காலை பிரீஃபிங்கில் பேச வாய் வரமாட்டேன் என்கிறது. தன்முனைப்பு நூல்கள் ஆறு வாங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. யூடியூப் உரைகள் கேட்டால் வரும் வேகம் மறுநாள் இருப்பதில்லை. எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் குறை ஒன்றுதான்: நாலு பேர் முன்னால் பேச்சு வரவில்லை. மூன்று மாதத்துக்கு அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில் சொல்வன்மை (65), அவையறிதல் (72), அவையஞ்சாமை (73) ஆகிய அதிகாரங்களை எடுங்கள். மொத்தம் முப்பது குறள். மு.வ. உரை போதும், சுருக்கமானது. பஸ் ஏறியதும் ஒரு குறள். வாய்க்குள் மூன்று முறை சொல்லி, உரையை மூடிவிட்டுப் பொருளைச் சொந்தச் சொற்களில் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் இன்னும் புரியவில்லை, மறுபடி திறங்கள். 'பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்' என்பது உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும். குற்றமில்லாமல் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர்தான் வளவளவென்று பேச ஆசைப்படுவார். ஆகவே பிரீஃபிங்கில் நேற்றைய ரிஜெக்ட் (தள்ளப்பட்ட பொருள்), இன்றைய டார்கெட், ஒரு பாதுகாப்புக் குறிப்பு என மூன்றே செய்தி.

அடுத்து காந்தியின் 'சத்திய சோதனை'. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, பஸ் பயணத்துக்குத் தோதானவை. லண்டன் சைவ உணவாளர் சங்கக் கூட்டத்தில், எழுதிக் கொண்டுபோனதைக்கூட வாசிக்க முடியாமல் வேறொருவர் வாசித்ததை அவரே சொல்கிறார். அந்த அத்தியாயத்தை முதலில் படியுங்கள், மனம் லேசாகும்.

தன்முனைப்பு உரை வாரத்துக்கு ஒன்று, இருபது நிமிடம், போதும். கைதட்டலோடு கேட்கும்போது ஏதோ செய்து முடித்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. செய்யவேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது. கேட்டு முடித்ததும் நினைவிலிருந்து மூன்று வரி எழுதுங்கள். நாளைக்குச் செய்யக்கூடியது ஒன்றும் அதில் இல்லையென்றால் அந்தப் பேச்சாளரை விட்டுவிடலாம்.

உங்கள் பிரீஃபிங் மலாயில்தான் நடக்கும் என்று நினைக்கிறோம். அப்படியானால் மலாய் வானொலியான நாசியோனல் எஃப்எம் செய்தியைக் கைபேசியில் பதிவு செய்து, வீட்டில் ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, அதே வேகத்தில் உரக்கச் சொல்லுங்கள். தமிழுக்கு மின்னல் எஃப்எம் வானொலிச் செய்தி. தினம் பத்து நிமிடம். பிறகு மறுநாள் பேச வேண்டிய மூன்று செய்தியையும் உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேளுங்கள். சொந்தக் குரல் முதல் வாரம் பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எங்கே 'அபா... இத்து...' என்று இழுக்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை மட்டும் சுருக்கி மறுபடி பதிவு செய்யுங்கள். மோட்டார்சைக்கிளில் போகும்போது காதில் எதையும் மாட்டவேண்டாம். இரவு ஷிப்ட் வாரத்தில் தூக்கம் முதலில், புத்தகம் பிறகு.

மூன்று மாதம் கழித்து அந்த ஆறு நூல்களின் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். பேச்சு பற்றிய அத்தியாயம் எதிலாவது இருந்தால் அதை மட்டும் படிக்கலாம். வாங்கிவிட்டோமே என்று முழுவதையும் முடிக்க வேண்டியதில்லை.